ஆர்ச்சி ஸ்டார்க்: ஒரே சீசனில் 67 கோல் போட்டவரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்களோடு கால்பந்து பேசும்போது இந்தப் பெயரை எடுத்தால் முதலில் வருவது சந்தேகம், அப்புறம் வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லிச் சலித்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

யார் இந்த ஆர்ச்சி ஸ்டார்க்?

1897 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் கப்பலேறி அமெரிக்காவின் நியூ ஜெர்சிக்கு வந்துவிட்டது. 1920களில் அமெரிக்கன் சாக்கர் லீக் என்ற தொழில்முறைப் போட்டித் தொடரில் ஆடினார். 1924-25 சீசனில் பெத்லஹேம் ஸ்டீல் அணிக்காக 42 லீக் ஆட்டங்களில் 67 கோல் போட்டார். அவரைப் பற்றித் தெரிந்தவர்களுக்கும் பெரும்பாலும் இந்த ஒரு எண் மட்டும்தான் தெரியும்.

67 கோலா? அச்சுப்பிழை இல்லையே?

இல்லை. எனக்கும் முதல் தடவை படித்தபோது அப்படித்தான் தோன்றியது. 42 ஆட்டத்தில் 67 என்றால் ஆட்டத்துக்குச் சராசரியாக ஒன்றரைக்கும் மேல். இங்கிலாந்தில் இன்றுவரை முறியடிக்கப்படாத, எவர்ட்டன் அணியின் டிக்ஸி டீன் 1927-28இல் முதல் டிவிஷனில் (அப்போதைய உச்ச லீக்) வைத்த சாதனையே 60 கோல்தான். அது 39 ஆட்டங்களில் வந்தது.

அந்தக் காலத்தில் கோல் போடுவது சுலபமாக இருந்திருக்குமே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் எப்போதும் நின்று பதில் சொல்வேன். பாதி உண்மை இருப்பதால், தப்பான முடிவுக்கு நம்மைக் கொண்டுபோய்விடும்.

1920களின் பிற்பகுதியில் எல்லா நாடுகளிலும் கோல் மழை பெய்தது உண்மை. அதற்குக் காரணம் ஆஃப்சைடு விதியில் வந்த மாற்றம். பந்து வருவதற்கு முன்பே எதிரணியின் கோலுக்குப் பக்கத்தில் போய்க் காத்து நிற்பதைத் தடுக்கும் விதி அது. இன்று பந்து தட்டப்படும் நொடியில் தாக்கும் ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் இரண்டு பேர் இருந்தால் போதும். ஒருவர் பெரும்பாலும் கோல்கீப்பர், ஆக ஒரு தடுப்பாட்டக்காரர் இருந்தால் சரி. 1925 வரை விதி அப்படி இல்லை. மூன்று பேர் இருக்க வேண்டும்.

இதை மைதானத்தில் வைத்து யோசித்துப் பாருங்கள். எதிரணியின் இரண்டு பேக் ஆட்டக்காரர்களில் ஒருவர் கோல் பக்கத்தில் பின்னால் நிற்கிறார். இன்னொருவர் கிட்டத்தட்ட நடுக்கோடு வரை ஏறி வந்து நிற்கிறார். நீங்கள் சென்டர் ஃபார்வர்ட், அதாவது நடுவில் நின்று தாக்குபவர். அந்த ஏறி நிற்பவரைத் தாண்டி ஒரு அடி வைத்தாலே உங்களுக்கும் கோலுக்கும் நடுவில் இரண்டு பேர்தான் மிச்சம். ஆஃப்சைடு என்று கொடி தூக்கிவிடுவார்கள். ஒரே ஒரு ஆள், தன் பொறுமையால் மட்டுமே, எதிரணியின் ஐந்து ஃபார்வர்டுகளையும் தன் பாதி மைதானத்துக்கு வெளியே நிறுத்திவைக்கலாம். இங்கிலாந்தில் இதை ஒரு கலையாகவே செய்தார்கள், பார்க்க வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். அதனால்தான் 1925 கோடையில் மூன்றை இரண்டாகக் குறைத்தார்கள்.

டீனின் 60 வந்தது புது விதியில். அதற்கு முந்தைய ஆண்டு மிடில்ஸ்பரோவின் ஜார்ஜ் கேம்செல் இரண்டாம் டிவிஷனில் போட்ட 59 கோலும் புது விதியில்தான். ஸ்டார்க்கின் 67 கோல் வந்தது பழைய விதியின் கடைசி சீசனில். ஆக விதி அவருக்குச் சாதகமாக இருக்கவில்லை.

லீக்கின் தரம் ஒரே சீராக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உச்சியில் இருந்த நான்கைந்து அணிகள் பலம், அடியில் இருந்தவை பரிதாபம். அது கோல் எண்ணிக்கையில் தெரியத்தான் செய்யும். ஆனால் அதே பலவீனமான அணிகளுக்கு எதிராக மற்ற ஃபார்வர்டுகளும்தானே ஆடினார்கள்? 67ஐ ஒருவரும் நெருங்கவில்லை.

அவர் ஸ்காட்லாந்தில் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்து இறக்குமதி செய்யப்பட்டவரா?

இல்லை, இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். பெயர் ஸ்காட்டிஷ், பிறந்த ஊர் கிளாஸ்கோ என்றதும் யாரோ தயாராக இருந்த நட்சத்திரத்தை டாலர் காட்டி இழுத்து வந்தார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். பையன் வளர்ந்ததும் ஆட்டம் கற்றதும் நியூ ஜெர்சியில். பதின்ம வயதிலேயே உள்ளூர் அணிகளில் ஆடத் தொடங்கிவிட்டார். 1915இல் அமெரிக்கன் கப் என்ற கோப்பையை ஸ்காட்டிஷ்-அமெரிக்கன்ஸ் அணி வென்றபோது அதில் இருந்தார், வயது 17. முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து பிரான்சுக்குப் போனார். திரும்பி வந்து மறுபடியும் பந்தைத் தொட்டார்.

குடியேறி என்ற சொல் அவருக்குப் பொருந்தும், இறக்குமதி என்ற சொல் பொருந்தாது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 1930 பற்றிப் பேசும்போது மறுபடி தேவைப்படும்.

ஏன் நியூ ஜெர்சி? அமெரிக்காவில் அப்போது கால்பந்து இருந்ததா?

எல்லா இடத்திலும் இல்லை. ஸ்டார்க் வளர்ந்த ஊரின் பெயர் கார்னி. எழுத்தைப் பார்த்தால் 'கெர்னி' என்று படிக்கத் தோன்றும், ஊர்க்காரர்கள் 'கார்னி' என்பார்கள். ஊர்ப் பெயரை மாற்றிச் சொன்னால் வெளியூர் ஆள் என்று அங்கே உடனே தெரிந்துவிடும்.

ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் கிளார்க் குடும்பம் தையல் நூல் தயாரித்துவந்தது. 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் நியூ ஜெர்சியில், பசேய்க் ஆற்றங்கரையில் பெரிய நூல் ஆலைகள் கட்டினார்கள். ஆலைக்கு அனுபவமுள்ள கைகள் வேண்டும், அதனால் சொந்த ஊரிலிருந்தே ஆட்களை வரவழைத்தார்கள். லினோலியம் என்ற தரைவிரிப்பு செய்யும் நெய்ர்ன் நிறுவனமும் ஸ்காட்லாந்திலிருந்து கார்னிக்கு வந்தது. கும்பலாக வந்தவர்கள் வேலையோடு பந்தையும் கொண்டுவந்தார்கள். நூல் ஆலையின் அணிக்கு ஓ.என்.டி. என்று பெயர். 'எங்கள் புதிய நூல்' என்ற பொருள் தரும் விளம்பர வாசகத்தின் ஆங்கில முதல் எழுத்துகள் அவை. அந்த அணி 1885, 86, 87 என்று தொடர்ந்து மூன்று முறை அமெரிக்கன் கப்பை வென்றது. நூல்கண்டு விளம்பரத்தைப் பெயராக வைத்துக்கொண்டு கோப்பை வாங்கிய அணி!

அந்த ஊருக்குச் சிறுவன் ஆர்ச்சி வந்தபோது அவனுக்குப் பெரிய அந்நியம் எதுவும் இருந்திருக்காது. தெருவில் கேட்ட பேச்சும் ஸ்காட்டிஷ், உருண்ட பந்தும் அதே பந்து. பிற்காலத்தில் ஜான் ஹார்க்ஸ், டேப் ரமோஸ், டோனி மியோலா ஆகிய மூன்று அமெரிக்க உலகக்கோப்பை வீரர்களும் இந்த வட்டாரத்தில்தான் வளர்ந்தார்கள்.

அமெரிக்கன் சாக்கர் லீக் எப்படிப்பட்டது?

1921இல் தாமஸ் கேஹில் என்ற நிர்வாகியின் முயற்சியில் தொடங்கியது. வடகிழக்குக் கடற்கரை மாநிலங்களே அதன் உலகம். அணிப் பெயர்களைப் படித்தாலே சிரிப்பு வரும்: பெத்லஹேம் ஸ்டீல், டாட் ஷிப்யார்ட்ஸ், ஜே அண்ட் பி கோட்ஸ், இண்டியானா ஃப்ளோரிங். இரும்பு ஆலை, கப்பல் பட்டறை, நூல் ஆலை, தரைப்பலகை நிறுவனம். ஏதோ தொழில்பேட்டையின் பெயர்ப்பலகை மாதிரி இருக்கும்.

ஸ்டார்க் முதல் மூன்று சீசன்கள் நியூயார்க் ஃபீல்ட் கிளப்புக்கு ஆடினார். 1924இல் பெத்லஹேமுக்கு மாறினார்.

லீக் எவ்வளவு விசித்திரமானது என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். ஃபால் ரிவர் மார்க்ஸ்மென் என்று மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு பெரிய அணி. அந்த மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை காசு வாங்கிக்கொண்டு ஆட்டம் நடத்தச் சட்டம் இடம் தரவில்லை. ஆலைத் தொழிலாளிக்கோ ஞாயிறு ஒன்றுதான் விடுமுறை. உரிமையாளர் சாம் மார்க் என்ன செய்தார் தெரியுமா? எல்லையைத் தாண்டிப் பக்கத்து மாநிலமான ரோட் ஐலண்டின் டிவர்டனில் மைதானத்தைக் கட்டிவிட்டார். ஊர் ஒரு மாநிலம், மைதானம் இன்னொரு மாநிலம். ஸ்டார்க் 67 கோல் போட்ட சீசனிலும் பட்டத்தைத் தட்டிச் சென்றது இந்த அணிதான், பெத்லஹேமுக்கு இரண்டாம் இடம். தனி ஆளின் கோலால் லீக்கை வெல்ல முடியாது.

இரும்பு ஆலைக்கு எதற்குக் கால்பந்து அணி?

தொழிலாளிகளே ஆடத் தொடங்கிய அணி அது. பென்சில்வேனியாவின் பெத்லஹேமில் இருந்த அந்த நிறுவனம் அமெரிக்காவின் மிகப் பெரிய எஃகு நிறுவனங்களில் ஒன்று. அதன் உயர் அதிகாரி எட்கர் லூயிஸ் ஒரு பந்துப் பைத்தியம், அவரே முன்பு ஆடியவர். அவர் தயவில் அணி வளர்ந்தது. 1915, 1916, 1918, 1919 என நாட்டின் முதன்மைக் கோப்பையான நேஷனல் சேலஞ்ச் கப் நான்கு முறை வந்துசேர்ந்தது. ஸ்டார்க் இருந்தபோது ஐந்தாவது: 1926இல் புருக்ளினின் எபெட்ஸ் ஃபீல்ட் மைதானத்தில் செயின்ட் லூயிஸின் பென் மில்லர்ஸ் அணியை 7-2 என்று நொறுக்கினார்கள். அடுத்த சீசனில், 1926-27இல், லீக் பட்டமும் கிடைத்தது.

வெளிநாட்டு நட்சத்திரங்கள் யாராவது வந்தார்களா?

நிறையப் பேர். இங்கிலாந்தில் அப்போது ஆட்டக்காரர் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, சீசனில் வாரத்துக்கு 8 பவுண்டு. எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும் அதற்கு மேல் சட்டப்படி கிடையாது. அமெரிக்காவில் ஆட்டத்துக்கு ஒரு சம்பளம், ஆலையில் ஒரு வேலை. ஸ்காட்லாந்து பத்திரிகைகள் ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள் என்று புலம்பின.

அலெக்ஸ் ஜாக்சன் இளம்வயதில் ஒரு சீசன் பெத்லஹேமில் ஆடிவிட்டு ஸ்காட்லாந்து திரும்பினார். 1928இல் வெம்பிளியில் இங்கிலாந்தை 5-1 என்று தோற்கடித்த ஸ்காட்லாந்து அணிக்காக மூன்று கோல் போட்டவர் அவரேதான். எவர்ட்டன் அணியின் விங்கர், அதாவது மைதானத்தின் ஓரமாக ஏறி ஆடும் சாம் செட்ஜாய் இன்னொருவர். கார்னர் கிக்கை உதைப்பதற்குப் பதில் தானே உருட்டிக்கொண்டு போய், விதிப் புத்தகத்தையே திருத்த வைத்த மனிதர். அவர் வந்தது நியூ பெட்ஃபர்ட் வேலர்ஸ் அணிக்கு. வியன்னாவின் யூத அணியான ஹகோவா 1926இல் சுற்றுப்பயணம் வந்தபோது நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் ஏறக்குறைய 46,000 பேர் கூடினார்கள். அந்த அணியின் பல ஆட்டக்காரர்கள் அமெரிக்க அணிகளுக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் பேலா குட்மன், பிற்காலத்தில் போர்ச்சுகலின் பென்ஃபிகா அணிக்கு இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளை வாங்கித் தந்த பயிற்சியாளர்.

ஸ்டார்க்கின் கோல்கள் இப்படிப்பட்டவர்கள் நடமாடிய லீக்கில் வந்தவை.

அமெரிக்காவுக்காக ஆடினாரா?

இரண்டே ஆட்டம். இரண்டும் 1925இல், கனடாவுக்கு எதிராக. மான்ட்ரியலில் நடந்த முதல் ஆட்டத்தில் 1-0 என்று தோல்வி. நவம்பரில் புருக்ளினில் நடந்த இரண்டாவதில் 6-1 வெற்றி, அதில் ஸ்டார்க் ஹாட்ரிக்கையும் தாண்டிப் போட்டார். அவ்வளவுதான் அவருடைய சர்வதேசக் கணக்கு. அந்தக் காலத்தில் அமெரிக்க அணிக்கு ஆட்டங்களே அரிது, ஒலிம்பிக்ஸில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு இடமும் இல்லை.

1930 உலகக்கோப்பைக்கு ஏன் போகவில்லை?

அழைத்தார்கள். மோட்டார் வாகனத் தொழில் ஒன்றை அப்போதுதான் தொடங்கியிருந்ததால் வரவில்லை என்று சொல்லிவிட்டார். இன்றைக்குக் கேட்கச் சிரிப்பாக இருக்கும். உலகக்கோப்பையா, கார் கொட்டகையா என்றால் யாராவது கொட்டகை என்பார்களா?

1930இல் நின்று பாருங்கள். அது முதல் உலகக்கோப்பை, அதற்கு இன்னும் பேரும் புகழும் வரவில்லை. உருகுவேக்குக் கப்பல் பயணமே இரண்டு வாரத்துக்கு மேல், போய் ஆடித் திரும்ப மாதங்கள். பங்குச்சந்தை சரிந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருக்கிறது. பெத்லஹேம் ஸ்டீல் அணி அந்த ஏப்ரலில்தான் கடைசி ஆட்டம் ஆடி மூடப்பட்டது. வயது 32. பந்து இனி எத்தனை நாள் சோறு போடும் என்று தெரியாத ஒருவர் புதுத் தொழிலைப் பிடித்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஆனாலும் ஒரு சின்ன இடறல் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் ஃபால் ரிவர் அணி ஐரோப்பியச் சுற்றுப்பயணம் போனபோது, விருந்து ஆட்டக்காரராக ஸ்டார்க்கும் கூடப் போனார். பிராகுக்கும் வியன்னாவுக்கும் போக நேரம் இருந்தது! தொழில் கொஞ்சம் நிலைத்திருக்கலாம், அல்லது பந்தின் ஆசை விடாமல் இருந்திருக்கலாம். எது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அவர் இல்லாமல் அமெரிக்க அணி என்ன செய்தது?

அரையிறுதி வரை போனது. பெல்ஜியத்தை 3-0, பராகுவேயை 3-0. பராகுவே ஆட்டத்தில் பெர்ட் பட்டெனோட் போட்டது உலகக்கோப்பை வரலாற்றின் முதல் ஹாட்ரிக். அரையிறுதியில் அர்ஜென்டினா 6-1 என்று வெளுத்துவிட்டது. ஆண்கள் உலகக்கோப்பையில் அமெரிக்கா இதைவிட மேலே இன்றுவரை போனதில்லை.

அந்த அணியே பிரிட்டிஷ் தொழில்முறை ஆட்டக்காரர்கள் கூட்டம் என்கிறார்களே?

திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. அணியில் பிரிட்டனில் பிறந்தவர்கள் ஆறு பேர்: ஐந்து ஸ்காட்லாந்துக்காரர், ஒரு ஆங்கிலேயர். அதில் பிரிட்டிஷ் லீக்கில் ஆடிவிட்டு வந்தவர் ஜார்ஜ் மூர்ஹவுஸ் ஒருவர்தான், அவரும் மூன்றாம் டிவிஷனில் டிரான்மியர் ரோவர்ஸுக்கு இரண்டு ஆட்டம். மற்றவர்கள் ஸ்டார்க்கைப் போலச் சிறுவயதில் அல்லது இளம்வயதில் வந்து, அமெரிக்காவில் ஆட்டக்காரர்களானவர்கள். போக்குவரத்து எதிர்த்திசையிலும் நடந்தது: அதே அணியின் ஜிம் பிரவுன் உலகக்கோப்பை முடிந்து 1932இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார், அலெக்ஸ் உட் லெஸ்டர் சிட்டிக்குப் போனார்.

இவ்வளவு நன்றாகப் போன லீக் ஏன் அழிந்தது?

முதல் அடி உள்ளிருந்தே விழுந்தது. லீக் முதலாளிகளுக்கும் தேசிய சம்மேளனத்துக்கும் சேலஞ்ச் கப் விஷயத்தில் தகராறு. சீசன் நடுவே கோப்பை ஆட்டங்கள் குறுக்கிடுகின்றன, எங்களுக்கு நஷ்டம் என்று சொல்லி 1928இல் அணிகள் கோப்பையில் ஆடக்கூடாது என லீக் உத்தரவிட்டது. பெத்லஹேம் உள்ளிட்ட மூன்று அணிகள் கேட்கவில்லை. லீக் அவர்களை வெளியேற்றியது, சம்மேளனம் பதிலுக்கு லீக்கையே ஒதுக்கிவைத்தது. வெளியே தள்ளப்பட்டவர்களைச் சேர்த்து ஈஸ்டர்ன் சாக்கர் லீக் என்று போட்டி லீக் ஒன்று முளைத்தது, ஸ்டார்க் அங்கே ஆடினார். இதற்குச் 'சாக்கர் போர்' என்றே பெயர். இரு தரப்பும் பணத்தை இறைத்தன, ரசிகர்கள் பிரிந்துபோனார்கள்.

1929 அக்டோபரில் சமாதானம் ஆனது. அதே மாதம் பங்குச்சந்தை விழுந்தது. துரதிர்ஷ்டம் என்றால் இப்படி வர வேண்டும். ஆலைகள் ஆட்களை வெளியே அனுப்பின, ஆலை அணிகளுக்குக் காசு நின்றது, டிக்கெட் வாங்குபவனுக்கே வேலை இல்லை. 1924இன் குடியேற்றச் சட்டம் ஐரோப்பாவிலிருந்து வருபவர் எண்ணிக்கையை ஏற்கனவே சுருக்கியிருந்ததால் புது ரசிகர்களும் வரவில்லை. 1933இல் பழைய லீக் முடிந்தது.

மெஸ்ஸி இவருடைய சாதனையை முறியடித்தாரா?

எதை எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2011-12இல் மெஸ்ஸி எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 73 கோல் போட்டபோது, ஸ்டார்க்கின் பெயரைப் பத்திரிகைகள் தூசு தட்டி எடுத்தன. லீக்கையும் கோப்பையையும் சேர்த்து ஸ்டார்க்குக்கு அந்த சீசனில் 70 என்பது அப்போது சொல்லப்பட்ட கணக்கு. அதை மெஸ்ஸி தாண்டினார். லீக் கோலை மட்டும் எடுத்தால் மெஸ்ஸிக்கு 50, ஸ்டார்க்குக்கு 67. மெஸ்ஸிக்கு முன் ஐரோப்பியச் சாதனையாகச் சொல்லப்பட்ட ஜெர்மன் ஆட்டக்காரர் கெர்ட் முல்லரின் 1972-73 கணக்கும் 67தான், அது எல்லாப் போட்டிகளும் சேர்த்து. எண் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

கடைசிக் காலத்தில் என்ன ஆனார்?

நியூவர்க் அமெரிக்கன்ஸ் அணியிலும், பிறகு புதிதாகத் தொடங்கிய இரண்டாவது அமெரிக்கன் சாக்கர் லீக்கில் சொந்த ஊரின் கார்னி ஐரிஷ் அணியிலும் ஆடி 1934இல் ஓய்வு பெற்றார். 1950இல் அமெரிக்கக் கால்பந்துப் புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள். 1985 மே 27 அன்று, 87 வயதில், கார்னியிலேயே இறந்தார்.

இன்று போனால் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. பெத்லஹேமில் அணி ஆடிய ஸ்டீல் ஃபீல்ட் மைதானம் பழைய பார்வையாளர் மேடையோடு நிற்கிறது, இப்போது மொராவியன் பல்கலைக்கழகத்தின் வசம். ஆலை 1995இல் அந்த ஊரில் எஃகு உருக்குவதை நிறுத்திவிட்டது. அணைந்த ஊதுலைகளை இடிக்காமல் விட்டு, அவற்றின் அடியில் இசை நிகழ்ச்சிகள் நடத்துகிறார்கள். பிலடெல்பியா யூனியன் கிளப் தன் இரண்டாம் அணிக்கு பெத்லஹேம் ஸ்டீல் என்ற பழைய பெயரையே வைத்து 2016 முதல் 2019 வரை ஆடவைத்தது. அப்புறம் பெயரை பிலடெல்பியா யூனியன் 2 என்று மாற்றிவிட்டார்கள்.